குழந்தைகள் முப்பத்திரண்டு, நாய்கள் முப்பத்தொன்று

இந்த நாற்காலி நன்றாகச் சாய்கிறது, டாக்டர். என் வீட்டில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் மலையேறவே வந்திருக்க மாட்டேன், உங்களுக்கும் இத்தனை தொல்லை இருந்திருக்காது. அந்த விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. எனக்குப் பல்வலி எதுவும் இல்லை. நீங்கள் வரச் சொன்னதும் பல்லைப் பார்க்க அல்ல. உள்ளே நுழைந்து உங்கள் மேஜையைப் பார்த்ததுமே அது புரிந்துவிட்டது. ஒரு பக்கம், போன வருஷம் நீங்கள் என் வாயில் மாவை அடைத்து எடுத்த பல் அச்சு. பக்கத்திலேயே நம் சங்கத் தலைவரின் இடது கால் ரப்பர் செருப்பு.

இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மேல்வரிசையில் நீங்கள் பிடுங்கிய பல்லின் இடைவெளிகூடச் செருப்பில் அழகாக விழுந்திருக்கிறது. இனி மழுப்பிப் பிரயோஜனமில்லை. கடித்தது உங்கள் நாய் ஜெனரல் அல்ல, நான்தான். கையில் பேனா இருக்கிறதே, எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசில் கள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதனால்தான் மலைநடைச் சங்கத்தில் எல்லோரும் என்னைத் 'தராசு' என்று கூப்பிடுகிறார்கள். செயலாளர் பதவியையும் அந்தப் பெயருக்காகவே கொடுத்தார்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்று தலைவரே ஒரு கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள்.

சண்டை தொடங்கிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதி வழியில், தகரக் கொட்டகையில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஜெனரல் ஓடையில் விழுந்து புரண்டுவிட்டு வந்து, சரியாக நம் கூட்டத்து வக்கீலின் முன்னால் நின்று உடம்பை உதறியது. வக்கீல் கண்ணாடியைத் துடைப்பதற்குள் யாரோ ஒரு வாண்டு அவருடைய காப்பிக் குவளையில் தலைப்பிரட்டை ஒன்றை விட்டது. அவர் ஒரே மூச்சில் நாய்களையும் குழந்தைகளையும் பிடிபிடியென்று பிடித்தார். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம்.

"நாய்க்காவது கயித்தக் கட்டியிருக்கோம். இந்தப் பிள்ளைங்களுக்கு என்னத்த கட்டுனீங்க?" என்றீர்கள்.

என் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "குழந்தை இன்னிக்கு சேட்டை பண்ணும், நாளைக்கு வளந்து திருந்திடும். உங்க நாய் வளந்து என்ன, வக்கீலாவா ஆகப்போகுது?"

"இதுல என்னை ஏன்யா இழுக்குற?" என்றார் வக்கீல்.

"எங்க ஜெனரல் சொன்னா கேக்கும்," என்றீர்கள் நீங்கள்.

"கேக்கும் டாக்டர், நல்லாவே கேக்கும். ஆனா சொன்னது அதுக்கில்லைன்னு நெனச்சுக்கும்," என்றான் தம்பி.

அன்று சிரித்தவர்கள் பாதி, முறைத்தவர்கள் பாதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாய்க்காரர்கள் ஒரு பெஞ்சிலும் பிள்ளைக்காரர்கள் எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். தலைவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் பிரேக் போட்டு நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர். கொட்டகைத் தூணில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் குழந்தைகள், வலப்பக்கம் நாய்கள். பாதையில் நடக்கும் எந்தக் குற்றமானாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து எந்தப் பக்கம் அதிகமோ, அந்தக் கூட்டம் ஒரு வருஷத்துக்கு மலையேறக் கூடாது. கணக்கெடுப்பவர் செயலாளர். எல்லோரும் ஒத்துக்கொண்டீர்கள். பெரியவர்கள் என்று மூன்றாவதாக ஒரு பக்கம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் அப்போது தோன்றவில்லை.

இங்கே தம்பி மகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏழு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். வீட்டில் வாய் ஓயாது, வாசலைத் தாண்டினால் கப்சிப். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பதில் சொன்னதில்லை. காட்டாத மருத்துவர் இல்லை. ஒருநாள் தம்பி அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போனான். எதிர்மலையைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏய்ய்ய்" என்று கத்தினாள். எதிர்மலையும் "ஏய்ய்ய்" என்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அதற்கப்புறம் வாராவாரம் ஒரு சொல் கூடியது. மருத்துவர் தம்பியிடம், என்ன ஆனாலும் அந்த மலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாராம்.

"அண்ணா, வெளியில அவ வாயத் தொறக்குற ஒரே இடம் அதுதான். நோட்டு உங்க கையில இருக்கு, பாத்துக்கங்க," என்றான் தம்பி.

நியாயமாக நடக்கும் என்றேன்.

முதல் மாத முடிவில் குழந்தைகள் பதினான்கு, நாய்கள் எட்டு. எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பிக்காக என்று நினைக்காதீர்கள். சமமில்லாத தட்டு என் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். நாய்கள் ஒன்றும் ஒழுங்காக நடந்துவிடவில்லை, நாய் செய்வதை எழுத ஆட்கள் சோம்பல்பட்டார்கள். ஆகவே வக்கீல் கொட்டகையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தபோது, ஒற்றை ஷூவை எடுத்துக்கொண்டு போய் ஐம்பதடி தள்ளி ஒரு புதருக்குள் வைத்தேன். வக்கீல் எழுந்து ஒற்றைக் காலில் நொண்டியபடியே ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்தார். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர், ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. சட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். நாய்கள் ஒன்பது.

அதன்பின் கை நிற்கவில்லை. நாய்ப்பக்கம் கொஞ்சம் கூடிப்போனால் குழந்தைப்பக்கம் ஏதாவது போட வேண்டியிருந்தது. தலைவரின் முதுகுப்பையில் ஒரு கல்லை வைத்தேன். மூன்று கிலோ இருநூறு கிராம், முந்தின நாளே எடை போட்டு வைத்திருந்தேன். உச்சி வரை தூக்கிப் போய், "வயசாயிடுச்சுப்பா, இன்னிக்கு இடுப்பே விட்டுப்போச்சு," என்று உட்கார்ந்து பையைத் திறந்தவர் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள். நீங்கள்தான் அதிகமாகச் சிரித்தீர்கள். அறிவிப்புப் பலகையில் சங்க நிறுவனர் படத்துக்கு மீசை வரைந்தேன். அடுத்த வாரம் அதே மீசையை மேலே முறுக்கிவிட்டேன். தூங்குகிற வக்கீலின் இரண்டு ஷூக் கயிறுகளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன். உங்கள் சாப்பாட்டுப் பையிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றுவிட்டு, அதன் ஓட்டை மட்டும் தம்பியின் தொப்பிக்கடியில் வைத்தேன். அந்த ஒரு முட்டைக்கு நீங்களும் தம்பியும் போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா, காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையே தவிக்கத் தொடங்கினேன். என் மனைவிகூட, "என்னங்க, வரவர முகத்துல ஒரு களை வந்திருக்கு, மலைக்காத்து ஒத்துக்குதுபோல," என்றாள்.

செருப்பு விஷயம் பதினோராவது வாரம். ஷூ கடிக்கிறதென்று தலைவர் பாதி வழியில் செருப்புக்கு மாறுவார் அல்லவா? அன்று நாய்ப்பக்கத்துக்கு ஒன்று குறைந்தது. நாய் கடித்த மாதிரி இருக்க வேண்டுமென்றால் எதையாவது வைத்துக் குத்துவதைவிடக் கடிப்பதே முறை என்று பட்டது. கொட்டகைக்குப் பின்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தேன். உறுமிக்கூடப் பார்த்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே சிட்டு நிற்கிறாள்.

ஒரு நொடி எனக்குத் தலை கால் புரியவில்லை. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சத்தமே இல்லாமல். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவளும் வைத்தாள். ரகசியத்தைக் காப்பாற்ற அவளைவிடப் பொருத்தமான ஆள் யாருக்குக் கிடைக்கும், டாக்டர்?

அன்று நீங்கள், "ஜெனரலுக்கு வாயில இருக்கிறதே ஆறு பல்லு. ரொட்டியையே ஊறவச்சுத்தான் குடுக்கிறேன். அது எப்படிங்க கடிக்கும்?" என்று மன்றாடினீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. செருப்பை நீங்கள் பையில் போட்டுக்கொண்டு போனதை நான் கவனித்திருக்க வேண்டும். என் பற்களை என்னைவிட நன்றாக அறிந்த ஒருவர் கையில் அதைப் போக விட்டேன். சங்கத்தில் வேறு பல் டாக்டர் இல்லாததால் வந்த வினை.

கணக்கு முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று என்று வந்து நின்றது. தராசு முள் ஆடாமல் நடுவில் நின்றது. அதோடு விட்டிருந்தால் யாரும் யாரையும் தடுத்திருக்க முடியாது. சிட்டு உச்சியில் கத்திக்கொண்டிருப்பாள், ஜெனரல் ஓடையில் புரண்டுகொண்டிருக்கும். கடைசி வாரம், இரண்டு வழி பிரிகிற இடத்தில் இருக்கும் அம்புப் பலகையைத் திருப்பி வைத்தேன். எந்தப் பக்கத்தைச் சரிக்கட்ட என்று கேட்பீர்கள். எந்தப் பக்கத்துக்கும் இல்லை. சும்மாதான்.

வக்கீல் அந்த வழியில் போனார். அது பழைய கல்குவாரியில் போய் முடிகிற வழி. சறுக்கி, முட்புதரில் மாட்டி, கணுக்கால் வீங்கி, மதியம் வரை சட்டப்பிரிவு சட்டப்பிரிவாகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். பெரிதுபடுத்துகிறார்கள். புதருக்கும் குவாரி விளிம்புக்கும் நடுவே இன்னும் எட்டரை அடி இருந்தது. பிறகு டேப்பைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன்.

கடைசிக் கூட்டத்தில் பாக்கி இருந்தது அந்த ஒரு குற்றம்தான். நாயால் பலகையைத் திருப்ப முடியாது என்றீர்கள், சரிதான். பலகை பக்கத்தில் சிட்டு நின்றதைப் பார்த்தேன் என்றார் வக்கீல். அதுவும் சரிதான், அவள் என் பின்னாலேயேதான் வந்துகொண்டிருந்தாள்.

"அவ அப்படிப் பண்ண மாட்டா சார், எம்பொண்ணப் பத்தி எனக்குத் தெரியும்," என்று தம்பி கெஞ்சினான்.

தலைவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பயப்படாத கண்ணு. அந்தப் பலகையத் திருப்புனது யாரு?"

இரண்டு பெஞ்சும் அவளைப் பார்த்தன. அவள் என்னைப் பார்த்தாள். நான் விரலை உதட்டில் வைத்தேன் என்று சொல்ல முடியாது, டாக்டர். மூக்கு அரித்தது, சொறிந்தேன். விரல் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம்.

"நான்தான்," என்றாள் சிட்டு.

தெளிவாகச் சொன்னாள். கொட்டகை முழுக்கக் கேட்டது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் நாலு பேர் முன்னால் பேசிவிட்டாள் என்று அழுகிறானா, அவள் பேசிய சொல் அதுவாகிவிட்டதே என்று அழுகிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நான் நோட்டை வாங்கி இடப்பக்கத்தில் குண்டு குண்டாக எழுதினேன்.

இது நடந்து மூன்று வாரம். தம்பியும் சிட்டுவும் மலைக்கு வருவதில்லை. வீட்டிலும் அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டதாம். சாப்பிட வா என்றால் வருகிறாள், போதுமா என்றால் தலையாட்டுகிறாள் என்று நேற்று தம்பி போனில் சொன்னான். "யாருண்ணா எம்பொண்ணு வாயக் கட்டுனது?" என்று கேட்டான். விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? போடுகிறேன். ஷூ, கல், மீசை, முட்டை, செருப்பு, பலகை, எல்லாம் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் கோபத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தாலும் அத்தனை மருத்துவர்களாலும் இரண்டு வருஷம் முடியாததை நான் ஒரே காலையில் நடத்திக் காட்டினேன், அத்தனை பேர் நடுவில் அந்தக் குழந்தையைப் பேச வைத்தேன். அதற்கு இதுவரை ஒருவர்கூட எனக்கு நன்றி சொல்லவில்லை, டாக்டர்.