மூஸாவின் இரண்டு மூட்டை நெல்

— மூஸாவுக்குக் குடுக்க வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம் குவாச்சா, வேம்பு. கையில எழுபத்தெட்டாயிரம் இருக்கு. இன்னும் நாப்பத்திரெண்டாயிரம் வேணும்.

— காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா. அந்த டப்பாவ மூடி வச்சுட்டுக் கஞ்சியப் பாருங்க. அடிபிடிச்சுதுன்னா சபையில கஞ்சிக்கு வர்ற அறுபத்திரெண்டு பிள்ளைங்களும் என் மூஞ்சியத்தான் பாக்கும்.

— கிண்டிக்கிட்டுத்தான இருக்கேன்.

— ஒத்தக் கையால கிண்டுறதுக்கு இது என்ன ரவையா? மக்காச்சோள மாவு. ரெண்டு கையாலயும் பிடிங்க.

— நம்மூரு காசுக்கு மொத்தமே ஆறாயிரம்கூட வராது, பாரு.

— அந்த ஆறாயிரத்துக்குத்தான் ஒண்ணரை வருசமா என்னைச் சர்க்கரையில்லாத டீ குடிக்க வச்சீங்க. சபையில நம்மள ஊழியத்துக்கு அனுப்புனாங்களா, உண்ணாவிரதத்துக்கு அனுப்புனாங்களான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு.

— சர்க்கரை உனக்கும் நல்லதில்லல்ல.

— ஆமா, பூதலூர் பெரிய டாக்டரு.

— வேம்பு.

— சொல்லுங்க.

— போதகருகிட்ட ஒண்ணு கேட்டேன்.

— என்ன?

— இன்னும் ஒரு வருசம் இங்க இருக்கலாமான்னு.

— நெருப்ப இழுங்க. பொங்குது.

— வேம்பு.

— இழுங்கங்கறேன்.

— இழுத்துட்டேன். இப்பப் பேசு.

— என்னத்தப் பேசுறது? நாளன்னைக்கு வியாழக்கெழம. மவன் செழியன் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் பேசியாச்சுங்கறான். மருமவ என் கட்டிலுக்கு மெத்தை வாங்கிப் போட்டிருக்கா. பெட்டியக்கூட கட்டிட்டேன். இப்ப வந்து ஒரு வருசம்ங்கறீங்க.

— ஒரே வருசம்தான்.

— ரெண்டு வருசமா நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். அடிபம்புல நாப்பது குடம். கஞ்சி, குவளை கழுவுறது, அப்புறம் அந்தக் காச நோய்க்காரங்க போர்வை. துவைச்சுத் துவைச்சு என் கை ரேகையெல்லாம் போச்சு. சாயங்காலம் வீடு வீடா ஜெபத்துக்கு நடக்கணும். ஞாயித்துக்கெழம பாதி புரிஞ்சும் புரியாத பாஷையில பாட்டு. முட்டி ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிருச்சுங்க. நான் ஆண்டவருகிட்ட ஊருக்குப் போகணும்னு கேக்கக்கூட இல்ல. உக்காரணும்னுதான் கேட்டேன்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா கேட்டீங்க?

— மூஸா ஒரு வார்த்தை கேக்கல, வேம்பு. கேட்டிருந்தாருன்னா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். நாத்து மஞ்சளாச்சு. பத்து நாள்ல வைக்கோல் மாதிரி கருகிப்போச்சு. வரப்புல நிக்கிறேன், வந்து தோளத் தட்டிக்குடுத்துட்டுப் போயிட்டாரு. அது இன்னமும் வலிக்குது.

— போதகரே சொன்னாருல்ல. பிரதர் ரெத்தினம், அது கடனே இல்ல, ஜெபம் பண்ணிட்டு விட்டுருங்கன்னு.

— போதகரு விதைநெல்லத் தொட்டவரா? ரெண்டு மூட்டை. மூட்டை அறுபதாயிரம். அவரு வீட்டுப் பிள்ளைங்க சாப்பிட வேண்டிய நெல்லு. அதை மண்ணுல கொட்டச் சொன்னது நான்.

— யாரு சொல்லச் சொன்னா? இந்த மலாவி நாட்டுல ஆடின்னா பல்லு தந்தியடிக்கும். மழை கார்த்திகைக்கு மேலதான். வந்து நாலு மாசத்துல உங்களுக்கு என்ன அவசரம்?

— ஆடி பொறந்துருச்சேன்னு இருந்துச்சு. மேட்டூர் தொறந்து, கல்லணைக் கால்வாய்ல தண்ணி வந்திருக்கும், ஊருல இந்நேரம் நாத்தங்கால் அடிச்சிருப்பாங்கன்னு நெனைச்சேன். இங்கயும் ஓடையில தண்ணி கெடந்துச்சு. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு.

— கை இல்ல. வாயி.

— சரி, வாயிதான். நாப்பது வருசம் நாத்துப் பறிச்சேன், சேறடிச்சேன், கட்டு சுமந்தேன். என்னைக்கு விதைக்கலாம்னு ஒருத்தன் என்னைக் கேட்டதில்ல. கோவிந்தராசு பண்ணையிலேருந்து ஆள் வருவான். வான்னா போவோம், போன்னா வருவோம். இங்கதான், கடல் தாண்டி வந்து, ஒரு நிலத்துக்காரன்கிட்ட, தெரிஞ்ச நாலு வார்த்தைய வச்சு, இப்பப் போடுங்கன்னு சொன்னேன். அவரு தலையாட்டுனாரு. மறுநாளே விதைச்சாரு. அன்னைக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கம் வரல. சந்தோசத்துல.

— அது எனக்குத் தெரியும். குறட்டை கேக்கலையேன்னு நான் தொட்டுப் பாத்தேன்.

— அதான் சொல்றேன். கார்த்திகையில அவரோட எறங்கி, சரியான பருவத்துல ஒரு வெள்ளாமை எடுத்துக் குடுத்துட்டு வந்துடுறேன்.

— அப்ப நீங்க இருங்க. நான் போறேன்.

— தனியாவா? துபாய்ல எறங்கி வேற ஏரோப்ளேன் மாறணும். போர்டு படிக்கணும்.

— படிக்கத் தெரியாதவ எல்லாம் வழியிலயே கெடக்காளுங்களா? அம்பது வயசுல ராத்திரிப் பள்ளிக்கூடம் போயி நீங்க எழுத்துக் கத்துக்கிட்டப்ப, பைபிளு படிப்பீங்கன்னு நெனைச்சேன். கடன் எழுதி வச்சுக் கும்புடுறீங்க.

— கோவத்துல பேசாத.

— கோவமெல்லாம் வரலைங்க. அசதியா இருக்கு.

— யாரு அது, வாசப்படலுகிட்ட? மூஸாவா?

— அவருதான். கையில கோழி. வழியனுப்ப வந்திருக்காரு. டப்பாவ உள்ள வைங்க.

— வைக்க மாட்டேன். எனக்கு அந்த பாஷை வரல, உனக்குச் சந்தைக்குப் போயிப் போயி வந்துருச்சு. எழுபத்தெட்டாயிரத்த இப்ப வாங்கிக்கச் சொல்லு. மிச்சத்துக்கு நான் இங்கயே இருந்து...

— மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன்.

— சரி, இதையாவது சொல்லு.

— சொல்லிட்டேன்.

— என்னங்கறாரு?

— எதுக்குக் காசுங்கறாரு.

— விதைநெல்லுக்குன்னு சொல்லு. என் பேச்சைக் கேட்டுப் பாழாப்போச்சுல்ல, அதுக்கு.

— சிரிக்கிறாரு.

— இதுல சிரிக்க என்ன இருக்கு?

— இருங்க, அவரு சொல்லி முடிக்கட்டும். ஆடி மாசத்துல போட்டா கருகிப்போகும்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமாம். அவங்க அப்பா காலத்துலேருந்தே தெரிஞ்சதுதானாம்.

— தெரியுமா?

— தெரியும்ங்கறாரு.

— தெரிஞ்சேதான் ரெண்டு மூட்டைய மண்ணுல கொட்டுனாரா? ஏன்னு கேளு.

— விடுங்க. காசே வேணாங்கறாரு. கோழியையும் குடுத்துட்டாரு. கஞ்சி ஆறுது, பிள்ளைங்க வரிசையில வந்து நின்னாச்சு.

— வேம்பு. கேளு.

— கேட்டேன்.

— கேட்டுட்டு ஏன் தலையக் குனிஞ்சுக்கற? நான் எதுவானாலும் தாங்கிக்குவேன். சொல்லு.

— வருசா வருசம் விளைஞ்சதுல ஒரு பங்கை ஏழைக்குன்னு ஒதுக்கி வைக்கிறது அவங்க மார்க்கத்து வழக்கமாம். அந்த ரெண்டு மூட்டையும் அதுதானாம். யாருக்குக் குடுக்கலாம்னு அவரு பாத்துக்கிட்டு இருந்தப்ப, விதைச்சே ஆகணும்னு நீங்க போயி நின்னீங்களாம். உங்களுக்கே குடுத்துட்டாராம்.