சல்லிசண்ணனின் சிப்

விலை குறைவு வேறு, மட்டம் வேறு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். டீ நன்றாக இருக்கிறது. ஏலக்காய் போட்டிருக்கிறார்கள்.

என் பெயர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் கிருஷ்ணவேணி அம்மாவின் பட்டறையில் பாகங்களைத் தேர்வு செய்கிறவன். கிணற்றுக்குக் காவல் பெட்டி செய்கிறோம். தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார், மண் ஈரம் பார்க்கும் சென்சார், கிணற்றுக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார். எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். உள்ளே ஆள் இருந்தால் மோட்டார் ஓடாது. ஒவ்வொரு சென்சாரும் சொல்வதைப் பெட்டிக்குப் புரியவைக்க நடுவில் ஒரு சிப் வேண்டும். கூட வேலை செய்கிற பிரான்சிஸ் நூற்றெண்பது ரூபாய் சிப்பைக் கேட்டான். நான் இருபத்திரண்டு ரூபாய் சிப்பை எடுத்தேன்.

அதில் ஒரே குறை, வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வகுப்பில் மூன்று குமரேசன் இருந்தால், கூப்பிட்டதும் மூன்று பேரும் "உள்ளேன் ஐயா" என்பார்களே, அப்படி. முதுகில் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் பெயர் மாறிவிடும். முந்நூறு பெட்டிக்கும் நானே வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சல்லிசா வாங்கியாந்துட்டு சொட்டு வச்சிக்கினு இருக்காரு பாரு" என்றான் பிரான்சிஸ்.

அன்றிலிருந்து நான் சல்லிசண்ணன். டீக்கடையில்கூட, "சல்லிசுக்கு ஒரு டீ போடு." விழுப்புரத்தில் என் மகள் கவிதாவின் நிச்சயதார்த்தம். பிரான்சிஸ் சம்பந்தியிடம் போய், "இவருதாங்க எங்க சல்லிசண்ணன். பொண்ணு மட்டும் ஒஸ்தி சரக்கு" என்றான். சம்பந்தி சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பையன். நீச்சல்தான் தெரியாது.

போன வியாழக்கிழமை கிளியனூரில் ஒரு நிலத்தில் பெட்டி மாட்டப் போனோம். போர்த் தண்ணீரைக் கொட்டித் தேக்குகிற உறைகிணறு. அன்று காலியாக இருந்தது. உள்ளே படி கிடையாது. நிலத்துக்காரர் சீனுவாசன் மல்லாட்டைப் பயிருக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். பிரான்சிஸ் சென்சாரை மாட்ட ஏணி வைத்து இறங்கினான். அடியிலிருந்து கத்தினான்.

"சல்லிசண்ணே, உங்க சிப்பு இன்னா சொல்லுது? நான் கீழ இருக்கேனா, இல்லியா?"

பெட்டியின் திரையைப் பார்த்தேன். பிறகு ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். இரவல் ஏணி, நனையக் கூடாது.

தண்ணீர் விழ ஆரம்பித்ததும், "அண்ணே, பேஜாரு பண்ணாதீங்க. ஏணிய எறக்குங்க" என்றான். இடுப்புக்கு வந்ததும், "கோதண்டபாணி அண்ணே" என்று கூப்பிட்டான். ஐந்து மாதத்தில் முதல் தடவை. கேட்க இதமாக இருந்தது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன்.

சீனுவாசன்தான் வந்து கயிறு கட்டித் தூக்கினார். பிரான்சிஸ் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

"சல்லிசு சிப்பு, உள்ள ஆள் இருக்கறது தெரியாம மோட்டாரைப் போட்டுடுச்சி" என்று பட்டறையில் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி அம்மா முந்நூறு பெட்டியிலிருந்தும் சிப்பைப் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். அநியாயமாக ஒன்றின்மேல் பழி விழுந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நடந்தது இதுதான். மூன்று முறை பொத்தானை அழுத்தினேன். மூன்று முறையும் திரையில் 'ஆள் உண்டு' என்றே வந்தது. மோட்டார் அசையவில்லை. அவ்வளவு உறுதி அந்தச் சிப். பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டாரை நேராகப் போட்டவன் நான்.

பிரான்சிஸ் கண் விழித்தால் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், மேடம். சிப் நல்ல சிப்தான் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறானா?