மூன்றாவது மூலையில் நிற்கிறவன்

அடுத்தவர் கடிதத்துக்குக் காது கொடுக்கிற ஆள் இல்லை நான். ஆனால் எண்பத்தைந்தில், வெளிநாட்டில், டோஸ்ட்ருப் என்ற ஊருக்குப் போகும் ரயிலில், எதிரே இருந்த இளம் கணவர் மனைவிக்கு இப்படி வாசித்தார்:

“பேஸ்போலில மூண்டாவது மூலையில நிக்கிற பொடியனுக்கு இந்த வருஷம் நல்ல வருஷமாம்.”

“ஆரப்பா அந்தப் பொடியன்?”

“அமெரிக்காவில, அண்ணை இருக்கிற ஊர் ரீமில விளையாடுறானாம். எங்கட எல்லே விளையாட்டு மாதிரித்தான், தடியால பந்தை அடிச்சுப்போட்டு மூலை மூலையா ஓடுறது. இதுதான் அவனுக்கு முதல் வருஷமாம். எவ்வளவு பலமா அடிச்சாலும் தன்ர பக்கம் வாற பந்தை விடுறானில்லையாம்.”

“அதுக்கு முதல் உங்கட அண்ணை என்ன எழுதியிருக்கிறார்?”

“இதுதான் தொடக்கம்.”

“வீட்டில எல்லாரும் சுகம் எண்டுதானே எப்பவும் தொடங்குவார்? யாழ்ப்பாணத்து வீட்டுக் கடிதம் முதல் அவருக்குத்தானே போறது, அவர்தானே எங்களுக்கு எழுதுறவர்?”

அவர் கையிலிருந்த முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் இந்தப் பொடியன்தான்.”

“மாமியைப் பற்றி?”

“இல்லை.”

“மாமாவைப் பற்றி?”

“இல்லையப்பா.”

“அங்க இவ்வளவு சண்டை நடக்கேக்க அவருக்கு எழுத இதுதானோ கிடைச்சது?”

ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. எங்கள் பெட்டியில் யாரும் ஏறவில்லை.

“மற்றத் தாளை எடுங்கோ,” என்றார் மனைவி.

மடியில் மடித்தபடி கிடந்த இரண்டாவது தாளின் மேல் அவர் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“கொஞ்சம் இரும். அந்தப் பொடியன்ர கதையை இன்னொருக்கா வாசிக்கிறன்.”