இரண்டும் நல்ல மருந்துதான்

கைராசிக்காரன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். பெரிய ஆஸ்பத்திரிகளில் அலைந்து அலுத்தவர்கள்கூடக் கடைசியில் என் நாட்டு மருந்துக்கடைக்குத்தான் வருவார்கள். யாரையும் பயமுறுத்த மாட்டேன். கஷாயத்தைக் கையில் கொடுத்து, இதமாக இரண்டு வார்த்தை பேசி அனுப்புவேன். பாதி நோய் அதிலேயே இறங்கிவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை மேடம், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் மனைவி பேருந்து ஓட்டினாள். வெளியூர் வண்டி. பணிமனையில் அவளுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். வீடு திரும்பும்போது ஊர்ப்பட்ட கதைகளோடு வருவாள். பாலத்தின் மேல் இறங்கிய மூடுபனி, வழியெல்லாம் குறட்டைவிட்ட பயணி, எதிர்வண்டிக்காரனோடு போட்ட சண்டை. நான் நாள் முழுக்க உரலுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றவன். கேட்டுக்கொள்வேன். பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். புழுதியில் தொண்டை புண்ணாகி வந்திருந்தாள். கிருமியைக் கொல்லும் வேர்க்கஷாயம் ஒன்று கொடுத்தேன். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வரும் மலச்சிக்கலுக்காக அவள் ஏற்கெனவே ஒரு பட்டைத்தூள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் நல்ல மருந்துதான். ஆனால் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. குடலுக்குள் நமக்காக உழைக்கிற நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. வேர் அவற்றைக் கொன்று போடும். மிச்சத்தைப் பட்டை அடித்துக்கொண்டு போய்விடும். காலியான வீட்டில் கண்டதும் வந்து குடியேறும். அன்று அது என் நினைவுக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் கிடந்தாள். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கைத்தாங்கலாகக் கூட்டிப்போவேன், முகம் துடைத்துவிடுவேன், கஞ்சி ஆற்றிக் கொடுப்பேன். ஒரு மத்தியானம் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?" கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அவள் தேறினாள். மலைப்பாதை வண்டி அவளுக்கு ஒதுக்கப்பட்டது. வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டாள். துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் அடுப்பில் வேரைப் போட்டேன். தொண்டைக்கு முன்கூட்டியே நல்லது என்றேன். தூளைக் கஞ்சியில் கலந்தேன்.

அதற்குப் பிறகு அவளால் வண்டியைத் தொட முடியவில்லை. "நடுரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டு ஓட முடியுமாங்க? டிரைவரக் காணோம்னு ஜனங்க விசில் அடிக்க மாட்டாங்களா?" என்று சிரித்தாள். கொஞ்ச காலம் வரைக்கும் அப்படிச் சிரித்தாள். ஊர் ஊராகப் போனவளுக்குக் கட்டிலும் கழிவறையும்தான் உலகம் என்று ஆனது. வாசல்வரை வருவாள், வயிறு பிசையும், திரும்பிவிடுவாள். நான் கதவைப் பூட்டியதே இல்லை மேடம். வேண்டுமானால் தெருவில் விசாரித்துப் பாருங்கள். திறந்தேதான் கிடக்கும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, "கிளட்ச்சு போயிடுச்சு, வண்டியக் கொல்றான்" என்பாள். வீடு முழுக்க அவள் குரல் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண் பரிசோதித்துவிட்டு, "குடல்ல நல்ல கிருமிங்களே இல்ல. வேற ஏதாவது மருந்து குடிக்கிறாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றேன். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தேன்.

பிறகு அவள் அக்கா வந்து, "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும் தம்பி, நீங்களும் ஓய்வெடுங்க" என்று அழைத்துக்கொண்டு போனார். தடுத்தால் நன்றாக இருக்காது. கையில் மருந்து கொடுத்துத்தான் அனுப்பினேன். கசப்பு பிடிக்காமல் அவள் அதை அங்கே தொடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா வீட்டில் அவளுக்குப் பசித்தது. கன்னத்தில் சதை பிடித்தது. போனில் கூப்பிட்டாள்: "அடுத்த மாசம் வண்டி எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க! மலைப்பாதையே கேட்டிருக்கேன்." பழைய சிரிப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே போனேன். கஷாயம் ஒன்று, தூள் ஒன்று என இரண்டு பாட்டில்களை அக்காவிடம் கொடுத்து, "இதச் சரியா குடிக்காததாலதான் இவ்வளவு நாள் இழுத்துச்சு. திரும்ப வராம இருக்க ரெண்டையும் ஒண்ணா கலந்து, நீங்களே நின்னு குடிக்க வைங்க" என்றேன்.

"நீங்க கவலப்படாதீங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். பாசமானவர். சொன்னபடியே செய்தார். அவள் வேண்டாம் என்றபோதும் தாடையைப் பிடித்துப் புகட்டியிருக்கிறார்.

நான் கணக்குப் போடாதது ஒன்றுதான். அவள் குடல் அப்போதுதான் தளிர்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தாங்குகிற தெம்பு அதற்கு இல்லை. ரத்தமாகப் போனது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

பக்கத்து அறையில் அழுவது அவள் அக்காதானே? தன் கையாலேயே கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கை மட்டும்தான் அவருடையது. மருந்தும், சேர்த்துக் கொடு என்று சொன்ன வாயும் என்னுடையவை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள் மேடம், அது பொருந்தாது. அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. குணமாகக் கூடாது, அவ்வளவுதான்.