துரவின் மேல் வைத்த கல்

எனக்கு உரத்துப் பேசுவது சிறுவயதிலிருந்தே பிடிக்காது. பெத்-தாலோன் ஊர்வாசலில் பதினெட்டு வருடம் காவல் இருந்தேன். ஆபத்து வந்தால் ஆட்டுக்கொம்பை ஊதுவதுதான் வேலை, பேச வேண்டியதில்லை. பெரியவர்கள் நீங்கள் கேட்டதால் இன்று பேசுகிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் யாசீஸும் கேட்கட்டும். அவன் மனைவியைப் பற்றியதுதானே.

அந்த வருடம் வாற்கோதுமை பால் பிடிக்கும் சமயம். நடுப்பகலில் மதில்மேல் நிற்கும்போது, "மெராயா" என்று என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். சுற்றிலும் ஆள் இல்லை. மூன்று நாள் அதே வேளை, அதே குரல். அறுப்புக்கு முன் அசீரியப் படையின் குதிரைகள் வரும், ஊரை எழுப்பி மலைக்குகைகளுக்குக் கூட்டிப்போ என்றது. ஆண்டவரின் குரல் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

மறுத்தேன். மரியாதையாகத்தான் மறுத்தேன். தீர்க்கதரிசி என்று கிளம்பியவர்களை எங்கள் ஊர் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். சொன்னது நடக்காவிட்டால் கல்லெறிவார்கள். நடந்துவிட்டால் இவன் கருநாக்கால்தான் வந்தது என்பார்கள். வேறு யாரையாவது அனுப்பும் என்று கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் குரல் வரவில்லை. அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் அசூபா வந்தாள், யாசீஸின் மனைவி. தறி நெய்கிறவள், திக்கித் திக்கிப் பேசுவாள். அவள் துணிக்கு விலை சொல்லி முடிப்பதற்குள் ஆட்டுக்குட்டி கிடாவாகிவிடும் என்று சந்தையில் கேலி செய்வார்கள். யாசீஸ் உப்பு வாங்கத் தெற்கே போயிருந்தான்.

"அண்ணே, எ… எனக்கு ஒரு சத்தம் கேக்குது," என்றாள். "எல்லாரையும் ம… மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுது. வேற ஆளே கெடைக்கலியான்னு அழுதுட்டேன். நீங்க கொ… கொம்பை ஊதுங்க. நான் எப்படியாச்சும் சொல்லிடுறேன்."

அங்கேதான் ஒரு தவறு செய்தேன். எனக்கும் அதேதான் கேட்டது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நான் த… தனியா இல்லை," என்றாள்.

ஊர் கூடியதும் இதையும் சொல்வாள் என்று அப்புறம்தான் உறைத்தது. காவல்காரனுக்கு முன்னமே தெரியும், மூடிக்கொண்டிருந்தான் என்பார்கள். பதினெட்டு வருட நற்பெயர். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வாசலுக்குப் பின்னால் மழைநீர் சேர்க்க ஆழமாக வெட்டிய துரவு ஒன்று உண்டு, வற்றிப்போனது. அதில் வைக்கோல் போட்டு வைப்பேன். கொம்பு உள்ளே இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி, எடுத்துக் கொடு என்றேன். ஏணியில் வேகமாக இறங்கினாள். கொம்பு என் அங்கிக்குள் இருந்தது. ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

நான் கொடியவன் அல்ல. இரண்டு நாள் ரொட்டியும் தோற்பையில் தண்ணீரும் இறக்கினேன். தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தேன். முதலில் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாள் அதை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள். குதிரைகள் வருகின்றன, மலைக்குப் போங்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று. ஒரு சொல்லும் திக்கவில்லை. வாசலைக் கடப்பவர்கள் காதில் விழுந்துவிடும் என்பதால் கல்லைப் புரட்டித் துரவை மூடினேன்.

மறுநாள் கழுதையை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். ஆண்டவர் சொன்னதை நம்பிக் கிளம்பியவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான். எட்டு நாள் கழித்துப் புகை தெரிந்தது. நூற்றிருபது வீடு.

ஆண்டவர் காப்பாற்றிய மனிதன் என்று, நான் தப்பி வந்த இந்த ஊரில் எனக்கு மரியாதை கொடுத்தீர்கள். யாசீஸ் தெற்கிலிருந்து பெத்-தாலோனுக்குத் திரும்பி, சாம்பலுக்கு நடுவில் அந்தக் கல்லைப் புரட்டிப் பார்க்கும்வரை.

நடுப்பகலில் இப்போதும் கேட்கிறது. ஆண்டவர் அப்புறம் என்னிடம் பேசவேயில்லை. இது அவள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்கிறாள். நான் எழுந்து நிற்கிறேன். தூக்குவதற்கு யாரும் இல்லை.

"மூடுறப்ப தண்ணியாவது வச்சியா?" என்று யாசீஸ் சற்றுமுன் கேட்டான். வைக்கவில்லை. எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். கூடவே, அவளுக்கு முன்னால் ஆண்டவர் என்னைத்தான் கூப்பிட்டார் என்பதையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.