அப்பள மாடிக்கு ஆணியடி

...வாழ்த்துப் பா எழுத எனக்கு வராதுங்க. பந்தி போட இன்னும் கொஞ்ச நேரம் இருக்குன்னு சமையக்காரர் கையைக் காட்டுறார். அதுக்குள்ள ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டு இறங்கிடறேன். மாப்பிள்ளை, நீங்க பொண்ணு முகத்தையே பாருங்க, தப்பில்ல... காதை மட்டும் இங்க குடுங்க.

மதுரைப் பக்கம் சோணைமுத்துன்னு ஒருத்தர். அப்பளக் கம்பெனி வச்சிருக்கார். நல்ல கட்டடம். ஆனா மேல மொட்டை மாடி, சாய்வே இல்லாம சப்பட்டையா கிடக்கு. மழை பேஞ்சா தண்ணி போக வழி தெரியாம அங்கயே உக்காந்து யோசிக்கும். யோசிச்சு யோசிச்சு... கீழ இறங்கிடும்! கீழ என்ன இருக்கு? அப்பளம்! போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில ஒருத்தர் இவர் அப்பளத்தை நொறுக்கப் பார்த்திருக்கார். நொறுங்கல... மடிஞ்சுது! கைக்குட்டை மாதிரி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாராம்!

ஊரே சிரிச்சுது. இன்னொரு தடவை நமுத்தா கம்பெனியை மூட வேண்டியதுதான். ஐப்பசி அன்னாபிஷேகத்துக்குக் கோயில்ல பத்தாயிரம் அப்பளம் வேற கேட்டிருக்காங்க. பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கல.

தார் பூசினார், வெடிச்சுது. பெயிண்ட் அடிச்சார், உரிஞ்சுது. கடைசியில திண்டுக்கல்லுல இருந்து அமலதாஸ்னு கூரை வேலை செய்யறவர் வந்தார். கை நிறைய பி.வி.சி. ஷீட்டுத் துண்டு, மெல்லிசுல இருந்து கனம் வரைக்கும். அப்பளக்காரர் எப்படிங்க பொறுக்குவார்? ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தடவுறார்.

"என்னய்யா, என் அப்பளத்தை விட மெல்லிசா இருக்கு?"

"அதை விடுங்கண்ணே. இந்தக் கனமானதை எடுங்க. வெயிலு, மழை ரெண்டையும் தாங்கும்."

"வெயில்ல பொரியாதே?"

"நீங்க எண்ணெயில போடாத வரைக்கும் பொரியாதுண்ணே!"

மாடித் தரை முழுக்க ஷீட்டை விரிக்கிற வேலை நடக்குது. எப்படித் தெரியுமா? ஒரு ஷீட்டு விளிம்பு மேல இன்னொரு ஷீட்டு விளிம்பு நாலு விரக்கடை ஏறி உக்காருது. நடுவுல பசை கிடையாது. மெஷின்ல சூடான காத்தை ஊதுறார்... ரெண்டும் உருகுது... உருளையை வச்சு அமுக்குறார்... ரெண்டும் ஒண்ணாயிடுது! எது அது, எது இதுன்னு பிரிக்க முடியாது. மாப்பிள்ளை சிரிக்கிறார் பாருங்க, அவருக்குப் புரிஞ்சுபோச்சு!

ஆறினதும் ஒவ்வொரு இணைப்பையும் ஸ்க்ரூ டிரைவரால நோண்டிப் பார்த்தார். வடிகாலை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகுச்சா? இல்ல. அரை சொட்டு? அதுவும் இல்ல!

சோணைமுத்துவுக்குத் தலைகால் புரியல. தெருவையே மாடிக்குக் கூப்பிட்டார். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கப்பா! ஷீட்டுல கல்லு குத்திரும்!" வந்தவங்க எல்லாம், "அடேயப்பா, பாலை ஊத்திவிட்ட மாதிரியில்ல இருக்கு!"ன்னாங்க.

அங்க ஆரம்பிச்சுது வினை. அவர் வீட்டம்மா பஞ்சவர்ணம் சொன்னாங்க: "ஏங்க... இத்தனை பேரு வாயைப் பொளந்து பார்த்துட்டுப் போறாங்களே. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்க!"

வாங்கினார் ஒரு திருஷ்டி பொம்மை. முறுக்கு மீசை, முட்டைக் கண்ணு, ஆளுயரம். நட்ட நடு மாடியில நிறுத்தினார். காத்துக்கு விழக்கூடாதே... அடியில ஒரு பலகையை வச்சு... ஷீட்டோட சேர்த்து... அடிச்சார் நாலு ஆணி! செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தாங்க அடிச்சார்!

ஐப்பசி வந்துச்சு. விடிஞ்சா அன்னாபிஷேகம். மழை வெளுத்து வாங்குது. கீழ அப்பளக் கட்டு மேல... டொக்கு. டொக்கு. டொக்கு. டொக்கு. எத்தனை இடத்துல? நாலு! பஞ்சவர்ணத்தம்மாவும் அப்பளம் இடுற பொம்பளைங்களும் ஓடிவந்து குடையை விரிச்சாங்க. யாருக்கு? அப்பளத்துக்கு! குடைக்குக் கீழ அப்பளம் ஜம்முன்னு இருக்கு... முதலாளி நமுத்துப்போய் நிக்கிறார்!

போனைப் போட்டுக் கத்துறார். "யோவ் அமலதாஸ்! உன் வேலை ஒழுகுதுய்யா!"

பதறியடிச்சுக்கிட்டு வந்தார் அந்த மனுஷன். கொட்டுற மழையில மண்டி போட்டு ஒவ்வொரு இணைப்பா நோண்டுறார். எல்லாம் கெட்டி. நிமிர்ந்தார்... எதிர்ல மீசை!

"அண்ணே... இவரு யாரு?"

"அவரா? கண்ணு படாம இருக்கக் காவலுக்கு நிக்கிறாரு."

"சரி... எதுல நிக்கிறாரு?"

"நாலு ஆணியில."

அமலதாஸ் தலையில கையை வச்சு உக்காந்துட்டார். "அண்ணே! கல்லடியும் படல, கண்ணடியும் படல... உங்க மாடிக்குப் பட்டது ஆணியடிண்ணே!"

மழை விட்டதும் பொம்மையைப் பிடுங்கி, ஈரத்தைக் காய வச்சு, ஓட்டை மேல அப்பளம் மாதிரி வட்டமா ஷீட்டு வெட்டி உருக்கி மூடினார். பொம்மை வாசலுக்கு வந்துருச்சு. மறுநாள் கோயில்ல பத்தாயிரம் அப்பளமும் மொறுமொறுன்னு நொறுங்குச்சு. சோணைமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுட்டார்.

ரெண்டு வீட்டுப் பெரியவங்களே... சித்தப்பா, அத்தை, மாமாமார்களே... சோணைமுத்து கெட்டது நினைச்சாரா? இல்லையே! காப்பாத்தத்தானே அடிச்சார்? நாமளும் அப்படித்தான். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்..." ஒரு ஆணி. "அவன் முன்ன மாதிரி இல்லையே..." ஒரு ஆணி. "எங்க பக்கம் இப்படி வழக்கமில்ல..." ஒரு ஆணி. "நான் ஒண்ணுமே சொல்லலப்பா..." அதுதாங்க இருக்கறதுலயே பெரிய ஆணி!

இந்தப் பிள்ளைங்க ரெண்டும் உருகி ஒண்ணாயிருச்சுங்க. வெயிலைத் தாங்கும். மழையைத் தாங்கும். நம்ம ஆணியைத் தாங்காது. காவலுக்கு நிப்போம், வேண்டாங்கல... வாசல்ல நிப்போம். கூப்பிட்டா மாடி ஏறுவோம். ஏறும்போது செருப்பைக் கழட்டினா மட்டும் போதாதுங்க... சுத்தியலையும் கீழ வச்சுட்டு ஏறுவோம்.