டெராமானின் கபர்

— மறுபடியும் கேக்கறேன் டோக். ஊர்த் தலைவர் நீங்களே என் நிக்காஹ்வை எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க?

— நான் எங்க மகளே நிறுத்தினேன்? இமாமைப் போய்க் கேளு.

— இமாம்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். ‘மெலூர், உன் புருஷன் டெராமான் மவுத்தாயிட்டான்னு ஊர்த் தலைவர் அலாங் சமான் வாயால ஒரு வார்த்தை வரணும். அவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார்’னு சொல்றார். ரெண்டு வருஷம் முன்னாடி என் புருஷன் உடம்பைத் துணியில சுத்திக் கொண்டாந்து என் வாசல்ல இறக்கினது நீங்கதானே? அன்னிக்கு இருந்த வாய் இன்னிக்கு எங்க போச்சு?

— பொறு, பொறு. மொதல்ல உக்காரு. யாங்! காப்பி கொண்டா.

— காப்பி அப்புறம். பொண்டாட்டி நானே இதைக் கேக்கணும்னுதான் தட்டிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். புருஷன் செத்தவ இன்னொருத்தனைக் கட்டிக்கறதுல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?

— யாங், நீ அடுப்படிக்குப் போ.

— ஏன், நான் போனா என்ன பேசப் போறீங்க? ஆத்துல துணி துவைக்கறவளுக என் காதுபடவே சொல்றாளுக. தலைவர் மெலூரை ரெண்டாந்தாரமா எடுக்கப் பாக்கறாராம், அதான் குறுக்க நிக்கறாராம். இந்த வயசுல நான் இன்னொருத்திக்குச் சோறு வடிச்சுப் போடணுமா?

— அஸ்தஃபிருல்லாஹ்! இவ என் மக மாதிரி!

— மாக் யாங், நீங்க அந்தப் பயத்தை விடுங்க. இவருக்கு என்மேல ஆசை ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கறது வேற சந்தேகம்.

— உன் சந்தேகத்தை அப்புறம் கேக்கறேன் மகளே. மொதல்ல என் சந்தேகத்தைத் தீர்த்து வை. மாப்பிள்ளை யாரு?

— துணி வியாபாரி. தைப்பிங் பக்கம்.

— துணி வியாபாரியா? ஜப்பான்காரன் போய் மாசம் மூணு ஆகல. நம்ம ஆளுங்க இன்னும் கோணிச் சாக்கைக் கட்டிட்டுத் தொழப் போறாங்க. இவன் எந்தத் துணியை விக்கறான்?

— இருக்கறதை விக்கறார்.

— பேரு?

— ஹுசின்.

— எந்த மசூதிக்காரன்? எந்தப் படகுல வந்தான்? கரையில ஒருத்தன்கூட அவனைப் பாக்கலியே. உன்கிட்ட டெராமானைப் பத்தி ஏதாவது கேட்டானா?

— ஐயோ, என்ன விசாரணை! எல்லாம் ஜப்பான் போலீஸ்காரன்கிட்ட படிச்சதா டோக்?

— என்ன சொன்ன?

— உள்ளதைச் சொன்னேன். வெள்ளைக்காரத் துரை ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனாரு, தன் நாயை உங்ககிட்ட விட்டுட்டு. அந்த நாய்க்கு நீங்க வெச்ச சோறு செரிக்கறதுக்குள்ள ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தான். வெள்ளைக்காரன் கொடுத்த வெள்ளிப் பூண் தடியைப் பரண்ல போட்டுட்டு, கையில சிவப்பு வட்டத் துணியைக் கட்டிக்கிட்டு இடுப்பு ஒடிய வணங்கினீங்க. நாங்க பாத்துட்டுத்தானே இருந்தோம்?

— வணங்கினேன். எனக்கு முன்னாடி மேல்கம்பத்து ஊர்த் தலைவர் வணங்கல. அவர் தலையைப் பாலத்துல வெச்சான். நீ அதையும் பாத்தியே.

— வணங்கினது போகட்டும். சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டப்ப, கையைக் காட்டி அனுப்பினது யாரு?

— நான்தான். இல்லாட்டி அவனே வீடு வீடா ஏறியிருப்பான். பொம்பளைங்க இருக்கற வீட்டுல அவன் ஏறினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? வயல்ல நிக்கற பசங்களை மேலாத்துக் காட்டுக்குள்ள துரத்திவிட்டுட்டு, நொண்டி, சீக்காளின்னு பொறுக்கி அனுப்பினேன். டாக்டர் பாத்துத் திருப்பி அனுப்பிடுவான்னு கணக்குப் போட்டேன். பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினான்.

— மீதிப் பாதி?

— யாங், காப்பி என்ன ஆச்சு?

— சொல்லுங்க. நான் சொல்லட்டுமா? என் தம்பி மகன் ஜூசோ. இருமல் இருக்கு, வேணாம்னு தள்ளிடுவான்னு இவர் சொன்னார். தள்ளல, பையன் திரும்பி வரவும் இல்ல. மெலூர், அதுக்கப்புறம் அடுத்த நோன்பு வரைக்கும் நான் இந்த மனுஷனோட ஒரு வார்த்தை பேசல. தட்டை வெப்பேன், திரும்பிடுவேன்.

— யாங், அந்தக் கணக்கை நான் அல்லாகிட்ட சொல்லிக்கறேன்.

— சொந்த வீட்டுப் பையனையே கொடுத்தவரு, என் புருஷனைக் கொடுத்திருக்க மாட்டாரா? அதான் மாக் யாங் என் சந்தேகம்.

— மெலூர்!

— கத்தாதீங்க டோக். என் புருஷன் யாரு? ஆத்தோரச் சாவடியில கான்ஸ்டபிள். வெள்ளைக்காரன் காலத்து வேலை. ஜப்பான்காரன் வந்தும் அதே சட்டையைப் போட்டுக்கிட்டாரு, சோத்துக்கு. ஒரு நாள் கட்டி வெச்ச சீனனைக் குத்துன்னு அந்த அதிகாரி சொன்னான். இவர் துப்பாக்கியை ஆத்துல வீசிட்டு ஓடினாரு. யார் வீட்டுக்கு ஓடினாரு? இந்த வீட்டுக்கு. உங்க கொல்லைப்புறம் ஏறினதைப் பாத்தவங்க இருக்காங்க.

— யாரு பாத்தாங்க?

— பாருங்க, இல்லைன்னு சொல்லல, யாரு பாத்தாங்கன்னுதான் கேக்கறீங்க. மூணாம் நாள் மய்யித்தை எடுத்துட்டு வந்தீங்க. ‘ஆத்துல கெடந்துச்சு, முதலை மூஞ்சியை எடுத்துடுச்சு, திறக்காதே’ன்னீங்க. அந்த ஜப்பான் அதிகாரி கபர்கிட்ட நின்னு பாத்துட்டு உங்க தோளைத் தட்டிட்டுப் போனான். எதுக்குத் தட்டினான்?

— அவனைப் போய்க் கேளு.

— அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கபர்ல உக்காந்து யாசின் ஓதறீங்க. உங்க வாப்பா கபருக்குக்கூடப் போறதில்ல. பொண்டாட்டி நானே பெருநாளைக்குத்தான் போறேன். கொன்னவனுக்குத்தான் டோக் அவ்வளவு பயம் இருக்கும்.

— ஏங்க, இவ கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்கும் இப்ப தெரிஞ்சாகணும்.

— யாங், நீயுமா?

— ஜப்பான்காரன் தோத்ததும் காட்டுலேருந்து மூணு நட்சத்திரத் தொப்பி போட்ட சீனப் படைக்காரங்க இறங்கினாங்களே, அப்ப என்ன ஆச்சு? ஜப்பான்காரனுக்குத் தலையாட்டினவங்களையெல்லாம் சாக்குல கட்டி ஆத்துல போட்டாங்க. உங்களை ரம்புத்தான் மரத்துல கட்டினாங்க. மத்தியானத்துக்குள்ள சட்டை கசங்காமத் திரும்பி வந்தீங்க. எவனைக் காட்டிக் கொடுத்துத் தப்பிச்சீங்க?

— அதை நான் சொல்றேன் புள்ள. அதுல இவர்மேல மண்ணைப் போடாதே. ஜப்பான்காரன் இருந்த வரைக்கும் சீனக் கடைக்கார லியோங் தவுக்கேயோட ரெண்டு பொண்ணுங்க என் அடுப்படியிலதான் இருந்தாளுக. சாரோங் கட்டி, முக்காடு போட்டு, என் அக்கா மகளுகன்னு சொல்லி வெச்சிருந்தேன். கருவாட்டுச் சம்பல்னா அழுவாளுக, அப்புறம் கேட்டு வாங்கித் தின்னாளுக. அந்த தவுக்கேதான் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ‘இவரைச் சுட்டா என்னையும் சுடு’ன்னு கத்தினான்.

— சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, அவுத்து விட்டாங்க.

— அவுத்துவிடறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது மாக் யாங். நான் கூட்டத்துல நின்னேன். ‘கான்ஸ்டபிள் டெராமான் எங்க?’ன்னு கேட்டாங்க. என் புருஷன் ஒரு தடவை ஒரு சீனனைப் பிடிச்சுச் சாவடிக்குக் கொண்டுபோனாரு. அந்த ஆளோட தம்பி காட்டுல இருந்திருக்கான். டோக் கபரைக் காட்டினாரு. அதுக்கப்புறம்தான் கயித்தை அவுத்தாங்க.

— மகளே, உனக்கு என்னதான் வேணும்?

— ‘டெராமான் மவுத்தாயிட்டான், நான் சாட்சி’ன்னு ஒரே ஒரு வார்த்தை. இமாம்கிட்ட இல்ல, இங்கேயே சொல்லுங்க. எந்திரிச்சுப் போயிடறேன்.

— சொல்லித் தொலைங்களேன். உள்ளதைச் சொல்ல என்ன கஷ்டம்?

— முடியாது.

— முடியாதா? நல்லது. படகுக்குச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில அக்கரைக்குப் போறோம். அங்க காதிக்கு உங்க சாட்சியெல்லாம் வேணாம். ரெண்டு ஆளு கபரைப் பாத்தோம்னு சொன்னாப் போதும்.

— போகாதே.

— போவேன். தடுக்க நீங்க யாரு?

— மெலூர், போகாதேன்னு சொல்றேன். பெரிய பாவம் அது. உனக்குத் தெரியாம நடந்தா உன்மேல இல்ல, என்மேல விழும்.

— என்ன பாவம்?

— புருஷன் இருக்கற பொம்பளை இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்டறதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருந்தா, நாளைக்கு அல்லா முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?

— ஏங்க... என்ன சொன்னீங்க இப்ப?

— யாங், அந்தக் கதவைச் சாத்து.

— நீங்க மொதல்ல சொல்லுங்க!

— டெராமான் சாகல. அன்னிக்கு இங்கதான் வந்தான். மரவள்ளிப் படகுல கிழங்குக்கு அடியில படுக்க வெச்சுக் கடலோரம் அனுப்பினேன். என் தம்பியோட கருவாட்டுக் கொட்டகையில இருக்கான். மொதல்ல ஜப்பான்காரன் தேடினான், அப்புறம் காட்டுக்காரன் தேடினான். ஆத்து முகத்துல அவங்க ஆளுங்க இன்னும் நிக்கறாங்க. அவனை வரச்சொல்ல எனக்குத் தைரியம் வரல.

— அப்போ கபர்ல இருக்கறது யாருங்க?

— தெரியாது யாங். ரயில் பாதையிலேருந்து நடந்தே வந்தவன் போல. எலும்பும் தோலுமா ஆத்தோரம் செத்துக் கெடந்தான். பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஜூசோவையும் எங்கேயோ ஒரு கரையில யாராவது இப்படி எடுத்துப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அவனுக்குத்தான் வெள்ளிக்கிழமை ஓதறேன். முதலையும் இல்ல ஒண்ணும் இல்ல, வேற மூஞ்சின்னு ஜப்பான்காரன் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் திறக்காதேன்னேன்.

— யா அல்லா! இதை என்கிட்டகூடச் சொல்லல!

— உன்கிட்ட சொன்னா ஆத்தங்கரைக்குச் சொன்ன மாதிரி. மெலூர்கிட்ட சொல்லியிருந்தா, அந்த அதிகாரி முன்னாடி இவளால அப்படி அழுதிருக்க முடியுமா? இவ அழுத அழுகையிலதான் அவன் நம்பினான்.

— ஏ மெலூர், என்னடி கல்லு மாதிரி உக்காந்திருக்கே? புருஷன் உயிரோட இருக்காங்கறாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. ஐயோ, அந்தத் துணி வியாபாரிக்கு இப்ப என்ன பதில் சொல்லப் போறே?

— துணி வியாபாரின்னு எவனும் இல்ல மாக் யாங். டோக் மூஞ்சியை மூடினாரு, பாதத்தை மூட மறந்துட்டாரு, அது என் புருஷன் பாதம் இல்லன்னு தெரிஞ்சுதான், அந்த அதிகாரி நம்பட்டும்னு அன்னிக்கு நான் மாரடிச்சு அழுதேன் — அவரை ஒளிச்சு வெச்சாரா, வித்துட்டாரான்னு இவர் வாயால வரவழைக்கத்தான் இல்லாத மாப்பிள்ளைக்கு நிக்காஹ் பேசினேன்.